விளங்காத படம்

திருவிழாவில் போடப் படப்பெட்டி எடுத்துவரப் புறப்பட்டவர், நெடுந்தீவு லோஞ்சுப் படகில் என் முன்னால் இருந்து, படங்களின் பெயர் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து இளைஞரிடம் பதறினார்: "தமிழ்ப் படம் மட்டும் சொல்லாதையும். சனத்துக்கு விளங்கிப்போடும்."

"விளங்கினால் என்ன அண்ணை?" இளைஞர் கேட்டார்.

"போனமுறை பெட்டி மாறிக் கன்னடப் படமெல்லோ வந்தது. நான்தான் மைக்கில கதை சொன்னனான்."

"உங்களுக்குக் கன்னடம் தெரியுமோ?"

"எனக்கெங்க? கடலில காணாமல்போன மகன் உயிரோட இருக்கிறான் எண்டு அடிச்சுவிட்டன். சனம் அழுதழுது பாத்தது. இந்தமுறையும் அப்பிடியொண்டு கேக்கினம்."

"நல்ல தெலுங்குப் படமொண்டு இருக்கு. அதிலயும் மகன் கடலுக்குப் போறான்."

"பிணத்தைக் காட்டுறாங்களோ?"

"ஓம், கிட்டக் காட்டுவாங்கள்."

"ஐயோ, வேண்டாம். அன்னம்மாக்கா முன்னுக்குப் பாய் விரிச்சிருப்பா. அவவின்ர பொடியன் போன வள்ளம் இன்னும் வரேல்லை."