காப்பு கட்டியவளின் எல்லை

நெமிலிச்சேரியில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த இளைஞன் செல்போனில் கேம் ஆடியபடி பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்:

"காப்பு கட்டினவள ஊர் எல்லையத் தாண்டச் சொல்றாரு மச்சான் உன் ஊர்த்தலைவரு."

மற்றவன்தான் அந்த கேமுக்கு வசனம் எழுதுகிறவனாம்.

"யாரா ஆடினாலும் தலைவருக்கு அதே வசனம்தான்டா. மத்தியானத்துக்குள்ள ஆபீஸ்ல குடுத்தாவணும்."

"நான் பூசாரி பொண்ணா ஆடிக்கினு கீறேன். கையில மஞ்சக் கயிறு வரைஞ்சது உங்க ஆளுங்கதான? காப்பு கட்டிட்டா திருவிழா முடியாம எங்க ஊட்ல பக்கத்துல கீற பருத்திப்பட்டுக்குக்கூட அனுப்ப மாட்டாங்க. எங்கம்மா இதப் பாத்தா செல்போன ஏரில போட்டுடும்."

வசனம் எழுதுகிறவன் லேப்டாப்பைத் திறந்தான். அம்பத்தூர் வருவதற்குள் தலைவரின் வசனத்தை மாற்றி எழுதி, வாசித்தும் காட்டினான்.

"நீ காப்பு கட்டிகீற தாயி, போவக் கூடாது. யார அனுப்பலாம், நீயே சொல்லு."

மனதுக்குள் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டேன்.

ஆடியவன் யோசிக்கவே இல்லை.

"தலைவரையே அனுப்பு மாமே."