கிளிக் சத்தம்

கையில் பிடித்த கிரீஸ் போக விலை உயர்ந்த சோப்பெல்லாம் வேண்டியதில்லை. ஒரு கரண்டி சமையல் எண்ணெய், ஒரு பிடி சர்க்கரை, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் நகக்கண்வரை சுத்தமாகிவிடும். இதை என் மாப்பிள்ளையிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்டிருந்தால் உங்களுக்கு இன்றைக்கு இந்தச் சிரமம் இருந்திருக்காது, ஷ்யாமளா மேடம். போலீஸ் ஆபீசருக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்ல வசதியாக நிதானமாகவே பேசுகிறேன். எனக்கு ஆங்கிலம் வரும். இந்த விஷயத்தில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்றுதான் தமிழில் சொல்கிறேன்.

என் பெயர் நஞ்சுண்டன். கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பதினெட்டு வருடம், இங்கே ஹூஸ்டனில் அதே வேலையில் இரண்டு வருடம். நான் பூட்டிய பம்பு ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. பேர்லேண்டில் என் தங்கை கலாவதி வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். அவள் கணவர் சேனாபதிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவரை நான் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. மாப்பிள்ளை முறை, வாங்க போங்கதான்.

அவர் கார் சாவியால் காது குடைவார். குடைந்ததை விரலில் துடைத்து முகர்ந்து பார்ப்பார். அதே சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டு வந்து, அதே விரலால் சட்னிக் கிண்ணத்தை வழித்து நக்குவார். நகத்துக்குள் எப்போதும் வண்டியை நோண்டிய எண்ணெய் கறுப்பாக அப்பியிருக்கும். அவர் தின்று எழுந்த தட்டைக் கழுவாமல், அதிலேயே சோறு போட்டுக்கொண்டு கலாவதி உட்காருவாள். சின்ன வயதில் நான் கடித்த கொய்யாவை எச்சில் என்று தொடமாட்டாள் அவள். எனக்குக் குமட்டும். முதலில் அவரைப் பார்த்துத்தான் குமட்டியது, போகப்போக அவளைப் பார்த்தாலும்.

போன வருடம், இரண்டாயிரத்தில், அவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அது ஏற்கெனவே பறக்கிற வண்டி. அது போதாதென்று புத்தகம் பார்த்து அலுமினியப் புல்லிகள் வரவழைத்தார். என்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் அவை. எடை குறைந்தால் வேகம் கூடுமாம். கம்பெனிக்காரன் போட்ட பெரிய புல்லியைக் கழற்ற இரண்டு சனிக்கிழமை மல்லுக்கட்டினார். பொருந்தாத கருவியை மாட்டி இழுத்து அதன் விளிம்பை உடைத்தார். மூன்றாவது சனிக்கிழமை, கோழிக்கால் ஒன்றைக் கடித்துக்கொண்டே மாடிக்கு வந்தார்.

"மச்சான், நீங்க ஒரு கை புடிச்சாத்தான் ஆகும். எனக்கு செட் ஆகல."

பிடித்தேன். பத்து நிமிடத்தில் பழையதைக் கழற்றினேன். புதியதை மாட்டினேன். அந்த வண்டியில் நடு போல்ட் புல்லியை மட்டும் பிடிப்பதில்லை, உள்ளே இருக்கும் பற்சக்கரத்தையும் அதுதான் பிடிக்கிறது. அது கழன்றால் பெல்ட் போகும், என்ஜின் நின்றுவிடும். அதனால் அதை அளவு பார்த்து முறுக்க ஒரு ரெஞ்ச் உண்டு. சரியான இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சத்தம் கொடுக்கும். நான் முறுக்கினேன். சத்தம் வருவதற்கு முன் நிறுத்தினேன்.

"மச்சான், கிளிக் வரலியே?"

"வந்துச்சுங்க மாப்ள. நீங்க போட்ட பாட்டுச் சத்தத்துல கேக்கல."

திங்கட்கிழமை காலை அவர் தனியாக ஆபீஸ் போவார், முப்பத்தைந்து மைல், ஃப்ரீவேயில் வேகமாகப் போகிறவர்களுக்கான இடது ஓரம்தான் ஓட்டுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கலாவதி பிடிவாதம் பிடித்தாள். "என்ஜினையே பிரிச்சுப் போட்டிருக்கீங்க. பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்காம இந்த வண்டி எங்கயும் போகக் கூடாது, ஆமா. அப்படியே ஆலன் போய் வசந்தாமணி அக்காவைப் பாத்துட்டு வந்துரலாம்." வசந்தாமணி எங்கள் ஊர்க்காரி, ஆலன் இங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம்.

மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் பூசை நடந்தது. குருக்கள் சந்தனம் வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவன் நான். குனிந்து ஒவ்வொன்றாக, நேராக வைத்தேன். கலாவதி முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போல்ட்டை இன்னொரு முறை பார்க்கிறேன் என்றால் போதும். ஆனால் அதைச் சொன்னால், மச்சான் வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறார் என்று அவர் நினைப்பார். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த வாயால்.

ஒன்று மட்டும் செய்தேன். நான்கு வயது ஓவியாவைப் பின்சீட்டிலிருந்து இறக்கினேன்.

"பாப்பா எங்கூட இருக்கட்டும்ங்க மாப்ள. அத்தன தூரம் அலைய வேண்டாம்."

"But I wanna go with Amma," என்று அழுதாள் குழந்தை.

"மாமா உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன் சாமி."

கலாவதி கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள். "அண்ணா, அவளுக்குத் தயிர்சோறு இருக்குது" என்றாள். நான்கு பழமும் நசுங்கின. அந்தத் தோல்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

முப்பது மைல் தாண்டிப் புல்லி கழன்று ரோட்டில் உருண்டதாம். என்ஜின் நின்று, வண்டி பாதி ஓரத்திலும் பாதி ரோட்டிலுமாக நின்றது. மாப்பிள்ளை இறங்கி, உருண்டுபோன புல்லியைத் தேடிப் பின்னால் நடந்திருக்கிறார். அதனால் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ட்ரக் மோதும்போது கலாவதி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பிழைக்கவில்லை. அந்த மனிதர் இன்னும் காது குடைகிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே குடைந்ததை நான் பார்த்தேன். கையில் அந்தச் சாவிதான்.

ஏழு மாதமாக என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி என்று ஆபீசரிடம் சொல்லிவிடாதீர்கள். என் தங்கையை நினைத்தும் அல்ல. அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன், அவள் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் வந்தது இந்த விபத்து ரிப்போர்ட்டுக்காக. போன வாரம் மாப்பிள்ளை சோற்றுக் கையோடு நீட்டினார். கடைசிப் பக்கத்தில் உங்கள் போலீஸ் மெக்கானிக் எழுதியிருக்கிறார், போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை, தொழில் தெரியாதவர் செய்த கவனக்குறைவான வேலை என்று. இருபது வருடம், மேடம். எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்து, கணக்காக முறுக்கி, வேண்டுமென்றே விட்ட போல்ட் அது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.