பின்வளவில் ஓர் இரும்புப் படி

எங்கள் தெருவில் வாசற்கதவுக்குப் புது நிறம் பூசுவதென்றாலும் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பூசுவார்கள். லண்டனில் ஹரோவுக்கு அப்பால் உள்ள சிற்றூர். பெயர் உங்கள் பேப்பரிலேயே இருக்கிறது. 1974இல் நான் வீடு வாங்கியபோது அங்கே தமிழன் என்று நான் ஒருவன்தான். பதின்மூன்று வருடம் வேலியை ஒரே உயரத்தில் வெட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சுக் காட்டாமல் இருந்து, குடியிருப்போர் சங்கத்தில் ஒரு நாற்காலி பெற்றேன். தேநீர் ஊற்றுகிறவனுடைய நாற்காலிதான். ஆனாலும் நாற்காலி.

1987இல் பக்கத்து வீட்டுக்குச் சிவானந்தனும் மனைவி கனகாம்பிகையும் வந்தார்கள். நல்ல சனம். ஆங்கிலம் மட்டும் வராது. கவுன்சில் கடிதமோ காஸ் கம்பனிக் கடிதமோ, எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். வாசித்துச் சொல்வேன். கைமாறு எதிர்பார்த்ததில்லை.

கூரைக்குக் கீழே ஓர் அறை கட்டி, செல்வமலர் என்ற பெண்ணைக் குடிவைத்தார்கள். ஹீத்ரோவில் இரவு ஷிப்டில் துப்புரவு வேலை, பகலில் நித்திரை. நெருப்புப் பிடித்தால் இறங்க இன்னொரு வழி வேண்டும் என்று கட்டினவன் சொன்னானாம். சிவானந்தன் சொல்வழி கேட்கிறவன். பின்சுவரில் ஓர் இரும்புப் படியை வைத்துவிட்டு, பிறகுதான் அனுமதிக்கு விண்ணப்பித்தான்.

படி என் குசினி யன்னலுக்கு நேரே இறங்கியது. செல்வமலர் காலையில் வேலையால் வந்து முழுகி, அதன் உச்சியில் நின்று தலை உலர்த்துவாள். கைப்பிடியில் அவளுடைய உள்பாவாடை காயும். என்னைக் கண்டால், "அண்ணை, சாப்பிட்டாச்சோ?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்பாள். ஒருநாள் முன்வீட்டு மிஸிஸ் விட்கோம், அந்தப் பெண் உங்கள் குடும்பமா என்று என்னிடம் விசாரித்தாள். மிகவும் அன்பாகத்தான் விசாரித்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

படிக்கு எதிராகக் கவுன்சிலுக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றில் என் பெயர். மற்ற மூன்றில் அயலவர்கள் கையெழுத்து வைத்தார்கள். திட்டமிடல் குழு ஒரு வியாழக்கிழமை கூடியது. ஒன்பது பேர். பார்வையாளர் வரிசையில் நான். முதலில் யாரோ கட்டிய கண்ணாடி அறை நான்கு அங்குலம் நீண்டுவிட்டதை ஐம்பது நிமிடம் ஆராய்ந்தார்கள். பிஸ்கட் சாப்பிட்டார்கள். பிறகு எங்கள் படி. தெருவின் குணம் கெடுமா என்று கவலைப்பட்டார்கள். தெருவுக்குக் குணம் உண்டென்பது எனக்கு அன்றுதான் தெரியும். செங்கல் சுவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று ஒரு வாக்குவாதம் வேறு. இவர்கள் ஒரு படிக்கு யோசித்த அளவு எங்கள் ஊரில் ஒரு நாட்டுக்கே யோசிக்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. வழக்கம்போல என் மேசைக்கு வந்தது. வாசித்தேன்.

"என்னவாம் அண்ணை?" என்றான் சிவானந்தன்.

"படியைக் கழட்டட்டாம். இருபத்தெட்டு நாள் தவணை."

"அப்ப அந்தப் பிள்ளை எதாலை இறங்கிறது?" என்று கனகாம்பிகை கேட்டாள்.

"கவுன்சில் யோசிக்காமல் சொல்லுமே?" என்றேன்.

அவன் அந்த வாரமே கழற்றினான். ஸ்பானர் என்னுடையது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. எனக்கு லீவு. அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழே ஹீட்டரில் திரைச்சீலை பற்றியது. தீயணைப்புப் படைக்கு முதலில் போன் செய்தவன் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். செல்வமலர் மேலே பின்கதவைத் திறந்தாள். "அண்ணை" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். கால் வைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஏணி வண்டி வருவதற்குள் புகை முந்திவிட்டது.

கோர்ட்டில் கவுன்சில் அதிகாரி தன் பிரதியை வாசித்தார். படிக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தது. இருபத்தெட்டு நாளுக்குள் மண்ணிறம் பூசவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சரியாக வாசித்துச் சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன் என்று சத்தியம் செய்தேன். "உங்கள் ஆங்கிலம் அருமை, மிஸ்டர் ஸ்ரீஸ்கந்தராஜா" என்றார் நீதிபதி. அனுமதி பெற்ற படியை அகற்றி ஓர் உயிருக்கு உலை வைத்ததற்காகச் சிவானந்தனுக்குப் பதினெட்டு மாதம். கொண்டுபோகும்போது என்னைப் பார்த்து, "நான்தான் பிழையாய் விளங்கிக்கொண்டன் போலை, அண்ணை. குறை நினையாதையுங்கோ" என்றான். நான் குறை நினைக்கவில்லை.

கனகாம்பிகை ஆங்கில வகுப்புக்குப் போனாள். இரண்டு வருடம். போன கிழமை அந்தக் கடிதத்தோடு வந்து, என் குசினியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'கிராண்டட்' எண்டால் அனுமதி குடுத்தாச்சு எண்டுதானே?"

"ஓம்."

"அண்டைக்கும் அதுதானே கருத்து?"

தேத்தண்ணி போட எழுந்தேன். திரும்பியபோது அவள் இல்லை. பிறகு பொலிஸிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே, ஓம். தெரிந்துதான் சொன்னேன். படி போகவேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போடுவது நியாயமில்லை. அது இரண்டு பக்கக் கடிதம். திகதி, விலாசம், விண்ணப்ப இலக்கம், இருபத்தெட்டு நாள், மேன்முறையீட்டு விதி எல்லாம் வரிக்கு வரி சரியாகத்தான் சொன்னேன். மாற்றியது ஒரே ஒரு சொல்லை.