முன் சீட்டின் ஓரத் தையல்

என்னை உட்கார வைத்திருக்கும் இந்த ஸ்டேஷன் நாற்காலியின் உறை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது, சார். சின்ன வேலைதான். வளைந்த ஊசியும் மெழுகு தடவிய நூலும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இப்படியே விட்டால் இந்த மாதத்துக்குள் பஞ்சு வெளியே வந்துவிடும்.

உங்கள் அறிக்கையில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டீர்கள். அப்பா இறந்துபோன விபத்தைப் பற்றிய அந்த அறிக்கையை அண்ணன்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். காரின் சீட் உறையை வீட்டிலேயே மாற்றியவர், மோதும்போது பிரிய வேண்டிய ஓரத்தை விவரம் தெரியாமல் கெட்டியாகத் தைத்துவிட்டார், அதனால் சீட்டுக்குள் இருந்த ஏர்பேக் வெளியே வரமுடியாமல் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் என் தோளைத் தட்டி, "விடுடா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். விவரம் தெரியாமல் என்ற சொல்லோடு நான்கு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். என் தையல் பிரிந்துவிட்டது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் அண்ணன் தன் காரின் முன் சீட் இரண்டையும் மாற்றும் வேலையை என்னிடம் விட்டார். தோல் வெடித்து, விளிம்பெல்லாம் தேய்ந்து, உள்ளே ஃபோம் தெரிந்தது. "கடையில குடுத்தா அவசரத்துல அள்ளித் தெளிச்ச கோலமா பண்ணுவான். நீயே பண்ணிடுடா" என்று தோலை வாங்கிக் கொண்டுவந்து போட்டார்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு சீட்டை வெளியே எடுத்தேன். பழைய உறையைப் பிடித்திருந்த இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக நறுக்கினேன். உறையைக் கிழிக்காமல் தையலைப் பிரித்து, துண்டு துண்டாகப் புதுத் தோலின் மேல் வைத்து வரைந்து வெட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். முதுகுப் பகுதியின் வெளி ஓரத்தில் மட்டும் நூல் வேறு மாதிரி இருந்தது, இரண்டு விரலால் இழுத்தால் அறுந்து வந்தது. இவ்வளவு நல்ல தையலுக்கு நடுவே இது ஏன் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் சீட் தைக்கும் கடைக்குப் போய்க் கேட்டேன்.

கடைக்காரர் விளக்கினார். "அண்ணே, அந்த ஒரு இடத்துல மட்டும் மெல்லிசு நூல்தான் போடணும். இடிச்சா ஏர்பேக் அந்த வழியாத்தான் வெளிய வரும். உங்க தார்ப்பாய் நூலைப் போட்டுடாதீங்க, அப்புறம் ஆளு காலி." சொல்லிவிட்டு அந்த நூலில் ஒரு கண்டும் கொடுத்தார். அவரை நீங்கள் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் அவருக்கு ஒரு கை விழுந்துபோய்ப் பதினோரு வருடம். குளிப்பாட்டுவது, முதுகு துடைப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து வைப்பது எல்லாம் நான். குறை சொல்லவில்லை, பெற்ற பிள்ளை செய்கிற வேலைதான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து காரில் ஒரு சுற்று கூட்டிப்போவார். அதற்காக அப்பா விடிந்ததுமே இஸ்திரி போட்ட சட்டை கேட்பார். அதற்குப் பொத்தான் போடுவதும் நான்தான்.

தைக்க ஆரம்பித்த இரண்டாம் நாள், அப்பா உட்காரும் பக்கத்து சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் புறமிருந்து, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு? யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

"எனக்கென்ன குறை? பெரியவன் பாத்துக்கறான். ஞாயித்துக்கிழமை தவறமாட்டான்" என்றார் அப்பா.

அவருக்கும் எனக்கும் நடுவே ஆறடிகூட இருக்காது. மெஷின் ஓடவில்லை, நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். மடியில் இரண்டு கண்டு இருந்தன. நான் தார்ப்பாய் நூலை எடுத்துக் கோத்தேன். அந்த வெளி ஓரத்தில் மூன்று வரி ஓட்டினேன். வேண்டுமானால் அளந்து பாருங்கள், மூன்று வரிக்கும் இடைவெளி ஒன்றுபோல இருக்கும்.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. அந்தத் தையலைப் பிரிக்கக் கால் மணி நேரம் போதும். தையல் பிரிக்கும் கத்தி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து, 'சாப்பிட்டியாடா' என்று கேட்டால் போதும், அன்றைக்கே பிரித்துவிடுவது என்று வைத்திருந்தேன். பெரிய கேள்வியா அது? தெருவில் போகிறவர்கூடக் கேட்பார்.

பதினான்கு ஞாயிறு. அண்ணன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார், அது ஊருக்கே தெரியும். நான் ஜன்னலோரம் நிற்பேன். ஹாரன் சத்தம் கேட்கிறவரை அங்கிருந்து நகரமாட்டேன். கார் வந்து நிற்கும். அப்பா இறங்குவார். வேட்டியைச் சரிசெய்யச் சொல்வார். தண்ணீர் கேட்பார். ஒன்பதாவது வாரம் பின்னாலிருந்து, "சாப்பிட்டியாடா?" என்று அவர் குரல் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். பைக்குள் கையை விட்டுக்கொண்டே திரும்பினேன். அப்பா போனில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கிளம்பிப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரே ஒரு முறை என் மனைவி முன்னால் ஏறப் போனாள். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல், அண்ணன் அவளைக் கடைத்தெருவில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். "பின்னாடி உக்காரு" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஏன் என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துக் காட்டுங்கள்.

பதினான்காவது ஞாயிறு, நாற்சந்தியில் மண் லாரி அப்பா பக்கமாக வந்து இடித்தது. லாரியை நான் அனுப்பவில்லை. அண்ணனுக்குத் தோள் எலும்போடு போனது, நல்லவேளை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வாரம் தவறாமல் வந்தார், அவரால் முடிந்தது அது.

அந்தக் கார் உங்கள் வளாகத்தில்தான் நிற்கிறது. பக்கத்து சீட்டைப் பார்த்தீர்கள், அண்ணன் உட்காரும் சீட்டைப் பார்க்கவில்லை. அதன் ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் கொடுத்த நூல், அவர் சொன்ன இடத்தில், சொன்னபடி. அதைத் தைக்க ஆரம்பித்த முதல் நாளே முடித்துவிட்டேன். ஒரே ஆள் ஒரு சீட்டைச் சரியாகத் தைத்துவிட்டு அடுத்ததில் விவரம் தெரியாமல் போவானா? அந்த வரியை அடித்துவிட்டு, தெரிந்தே தைத்தார் என்று எழுதுங்கள். அப்பாவைக் கொன்றது என் தையல்தான், கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டின் விளிம்பு தொடையில் குத்துகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் அந்த மூன்று வரியைத் தைத்து முடித்த பிறகு, அவர் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு விரற்கடை ஃபோம் கூடுதலாக வைத்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள், சார்?