தூது போன ஞாயிற்றுக்கிழமை

சூலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு விசைத்தறிக்காரர்கள், ஆளுக்கொரு போனில், முறை மாற்றி ஆடும் போர் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்க, யாரு பக்கமும் சேராத அந்தத் தீவு நாட்டுக்கு எட்டு சுத்தா தங்கம் அனுப்பறேன். இப்ப உங்க பக்கம் சாஞ்சுபோட்டானே, என்ன பண்ணுனீங்க?" என்றார் மீசைக்காரர்.

"தூதரை நேர்ல அனுப்புனேனுங்க. கல்யாணப் பத்திரிகைய வாட்ஸப்புல போட்டா நம்மூர்ல யாரு வாராங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

மீசைக்காரர் போனை மடியில் வைத்தார்.

"நம்ம தறிச் சங்கத் தலைவர் தேர்தல்ல நிக்கலைன்னுதானுங்களே சொன்னீங்க?"

"நிக்கலீங்க. அதுல என்ன சந்தேகம்?"

"அப்பறம் ஞாயித்துக்கிழமை பழத்தட்டோட, சங்கத்துல ஓட்டு இருக்கற எங்க மச்சான் ஊட்டுக்கு எதுக்குங்க போனீங்க?"

கண்ணாடிக்காரர் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

"உங்க முறைங்க, ஆடுங்க."