சரிபாதி

பிஸ்கட்டை இரண்டாக உடைத்தால் யாருக்கும் துகள் சிந்தும். எனக்குச் சிந்தாது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பங்கு வைப்பது என் வேலை. "அக்கா பங்கு வச்சா எறும்புகூட குறை சொல்லாது" என்பாள் தங்கை. பங்கு வைப்பவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன்.

நீங்கள் கேட்டது மருந்தைப் பற்றி. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆண், பெண் எல்லோருக்கும் பொதுவான அறுவை சிகிச்சை வார்டுக்கு நான்தான் பொறுப்பு நர்ஸ். பெயின்டர் ஒருவருக்கும், பக்கத்துக் கட்டிலில் இருந்த டெய்லருக்கும் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, எங்கள் வார்டிலேயே குடியிருப்பது. வழக்கமான ஊசி எதற்கும் அது மசியவில்லை. வேறு வழியில்லாதபோது மட்டும் எடுக்கும் மருந்து ஒன்று உண்டு. டாக்டர் அதை இருவருக்கும் எழுதினார். ஸ்டோரில் ஒருவருக்குக் காணும் அளவுதான் இருந்தது.

பெயின்டர் சிரித்தார். "அவருக்கே போடுங்க சிஸ்டர். என் சட்டைத் துணி அவர்கிட்டதான் கிடக்கு."

டெய்லர் கண்ணைத் திறக்காமலே, "அளவு எடுத்தாச்சு. நீ இளைச்சுப் போனா அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

இவர்களில் யாரை விடுவது? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஒருவரைச் சொல்லிவிடுவார். மருந்தைப் பாதி பாதியாகப் பிரித்தேன்.

இருவருக்கும் காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகு அந்த மருந்து குறைவாக வந்தபோதெல்லாம் பிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும், கொஞ்சம் பெருமையாக.

பயிற்சி வகுப்பில் டாக்டர் சொன்னது காதில் விழாமல் இல்லை. அரைகுறையாக அடித்தால் கிருமி சாகாது, அடி வாங்கிப் பழகிக்கொள்ளும் என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். அந்த வாரமே டெய்லருக்குக் காய்ச்சல் திரும்பியது. அவர் உயிர் போன பிறகு கட்டிலை நானே துடைத்தேன். பெயின்டருக்கு அந்தச் சட்டை கிடைக்கவில்லை.

பிறகு என் தங்கை மாடிப்படியில் வழுக்கி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு எங்கள் வார்டுக்கே வந்தாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புண் ஆறவில்லை. அவளுக்கும் எதிர்க்கட்டில் வாத்தியாருக்கும் அதே மருந்தை எழுதினார்கள். அப்போதும் ஒருவருக்குக் காணும் அளவுதான் இருந்தது. வாத்தியாருக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் அவர் "நன்றிம்மா" என்றார்.

தங்கை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பாதிதானா அக்கா?"

"உனக்கு முழுசு."

அவள் எதிர்க்கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ பாதி பத்தாதுன்னு உனக்குத் தெரியும்."

குழாயில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழு அளவும் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் என் கையால் அது நன்றாகப் பழகியிருந்தது. முதலில் வாத்தியார் போனார், பிறகு தங்கை. கடைசிவரை அவள் என்னிடம் பேசவில்லை. பேச முடியாமல்தான் இருந்திருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். பிரித்தது நான். உப்புத் தண்ணீர் ஏற்றியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் விட்டுப்போகக் கூடாது. அந்த வார்டில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை.