பனி போட்டுவிட்டுப் போன கல்

— பிள்ளையக் கல்லு மேல தனியா விட்டுட்டு, அம்மா திரும்பிப் பாக்காம வந்துட்டாங்களா, ஹில்யா?

— அதுதான் முறையாம், எண்டெல். வசந்தத்தோட முதல் வெயில்ல நோஞ்சான் பிள்ளையக் கிடத்திடணும், நிழல் விழுற வரைக்கும் யாரும் கிட்டப் போகக்கூடாதாம். நான் தூக்கப் போனேன், உங்கம்மா கதவை மறிச்சுட்டாங்க.

— ரெண்டு வயசு தாண்டியும் நிக்காத காலை ஒரு கல்லு நிக்க வைக்குமா? சிந்திச்சுப் பாரு. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மலை உயரப் பனி இந்த மண்ணு மேல ஊர்ந்து வந்துச்சு. வடக்கே பேர்த்த பாறைய இங்க போட்டுட்டு உருகிப் போச்சு. பனியே வேண்டாம்னு எறிஞ்ச சுமைக்கு நாம வெண்ணெய் பூசிக் கும்பிடுறோம்.

— வாசகசாலைப் பிரசங்கம் போதும். கல்லுல ஒண்ணுமில்லேன்னா ஏன் இப்படி ஓடுறீங்க?

— கல்லுல இல்ல, கல்லுக்கு அடியில இருக்கு. குளிர்காலம் பூராவும் விரியன்கள் அந்தப் பொந்துக்குள்ள பின்னிக் கிடக்கும். நாரை திரும்பி வந்தாச்சு, உறைஞ்ச தரை இளகியாச்சு. நமக்கு முதல் வெயில்னா அதுங்களுக்கும் அதுதான்.

— இத உங்கம்மாகிட்டச் சொல்லலையா?

— சொன்னேன். பாம்பு காவல் இருந்தா சக்தி கூடும்னாங்க.

— அதோ... தூங்குறான். கல்லைச் சுத்திச் சருகு அசையுது, எண்டெல்.

— சருகு இல்ல.

— கர்த்தரே.

— அவரைக் கூப்பிடாதே. சத்தம் வேண்டாம், பிள்ளை முழிச்சுடுவான். கேளு, கல்லு இடுப்பு உயரம், செங்குத்து. அதுங்க மேல ஏறாது. நான் தரைய அழுத்தி மிதிச்சுக்கிட்டே போறேன். அதிர்வு பட்டா விலகிடும். நான் போய்ச் சேருற வரைக்கும் பிள்ளை கிடந்த இடத்துல கிடந்தாப் போதும்.

— கிடப்பான். அவனுக்குத்தான் நிக்கத் தெரியாதே.

— முதல் தடவையா அதுல ஒரு நிம்மதி.

— எண்டெல்... முழிச்சுட்டான்.

— நீ அசையாதே.

— உங்களைப் பாத்துச் சிரிக்கிறான். கைய ஊணுறான். முழங்கால்... எண்டெல், முழங்கால் நிமிருது.

— ஆர்வோ, கண்ணு, உக்காரு. அப்பா உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன், நிக்காதேடா.